தயங்காதவர்களுக்கான விலை

அந்தக் கண்ணாடி முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது அதற்கு விலை இல்லை. கோகிலவாணிக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

சிங்காநல்லூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாகக் கண் பரிசோதித்து வருபவள் அவள். காய்கறிக்காரர் ஒரு கொத்துக் கொத்தமல்லியைச் சும்மா போட்டால்கூட, எடையில் எங்கே கை வைத்தார் என்று யோசிக்கிற ஆள். அவளிடம்தான் இருநூறு கண்ணாடிகள் அடுக்கிய பெட்டியை ஒருவன் கொண்டுவந்து இறக்கினான். சமநோக்கு அறக்கட்டளை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது.

"கேக்கறவங்களுக்கெல்லாம் மாட்டி விடுங்க. ஒரு கண்ணாடிக்கு அம்பது ரூபா உங்க கடைக்கு வந்துரும்" என்றான்.

"வாங்கறவங்களுக்கு இலவசம், எங்களுக்கும் காசு. உங்களுக்கு என்னங்க வருது?"

"மக்களுக்கு விழிப்புணர்வு வருதுங்க" என்று சொல்லிவிட்டு அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

கண்ணாடி செய்யும் வேலை எளிமையானது. நம் கைப்பேசி எண்ணையும் சொத்து மொத்தம் எவ்வளவு என்பதையும் ஒருமுறை அதற்குச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு எந்த விலையைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு வரி ஓடும். நமக்கு இந்தச் செலவு எவ்வளவோ, அந்த அளவு விக்ராந்த் ஜெயதரனுக்கு எது என்று காட்டும். துறைமுகம், மின்சாரம், மருந்துக்கடை என்று நாட்டில் பாதியை வைத்திருந்த ஜெயதரனின் சொத்து அந்த வருடம் எட்டு லட்சம் கோடி. எண்ணாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கண்ணாடி போட்டால் புரிந்தது.

ஒரே வாரத்தில் ஊரே அதைப் போட்டுக்கொண்டு அலைந்தது. டீக்கடைகளில் அதே பேச்சு. கோகிலவாணியின் தங்கை மஞ்சரி, பம்புசெட் கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். மூக்கின் மேல் கண்ணாடி.

"அக்கா, என்கிட்ட நகை, சீட்டு, பேங்க்குல இருக்கறது எல்லாஞ் சேத்து நாலு லட்சம்னு சொன்னேன். என்னோட ஒரு ரூபா அந்த ஆளுக்கு ரெண்டு கோடியாம். இப்பக் குடிச்சேன் பாரு டீ, பதினஞ்சு ரூபா? அவன் இப்புடி ஒரு டீ குடிக்கற மாதிரி செலவு பண்ணினா முப்பது கோடி. ஒரு மேம்பாலம் கட்டிரலாம்."

"ம்."

"பெரியாஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டறாங்கல்ல? போர்டுல அறுநூறு கோடின்னு போட்டிருக்குது. அவனுக்கு அது என்னோட முப்பது ரூபா. ரெண்டு டீக்கா! நம்ம ஊரு மொத்தத்துக்கும் தண்ணி, ரோடு, குப்பைன்னு ஒரு வருசத்துக்கு ஆகறது நாலாயிரம் கோடி. அது இருநூறு ரூபா. அந்தக் காசுக்குப் புள்ள யாழிக்கு ஒரு ஸ்கூல் பேக் கூட வாங்க முடியாது."

மஞ்சரியின் கண்ணில் கோபமும் ஒரு விதமான குதூகலமும் சேர்ந்து மின்னின. புதிதாக ஒரு புலன் கிடைத்தவள் போலக் கடையில் தொங்கிய ஒவ்வொரு ஃப்ரேமின் விலையையும் பார்த்துக்கொண்டே போனாள்.

"அந்த ஆளு இதைத் தடை பண்ண மாட்டானா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"எப்புடிப் பண்ணுவான்? அவன் மானந்தான் போகும்."

அதன் பிறகு மாதங்கள் ஓடின. அவ்வளவு பெரிய மனிதர் மாதக் கணக்கில் வாய் திறக்காமல் இருந்தது கோகிலவாணிக்கு இடித்தது.

ஒரு நாள் பிற்பகல், உடைந்த கண்ணாடி ஒன்றைச் சரிபார்க்கும்போது மூக்குத்தாங்கிக்கு மேலே இரண்டு புள்ளிகளைக் கண்டாள். கடுகில் கால்வாசி அளவு. இரண்டும் வெளியே பார்க்கவில்லை. உள்ளே, போடுபவரின் கண்ணைப் பார்த்தபடி இருந்தன. விலையைப் படிக்க வெளியே ஒரு கேமரா போதும். உள்ளே எதற்கு?

அந்த மாதிரிப் புள்ளியை அவளுக்கு நன்றாகத் தெரியும். கண் பாப்பா எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் கருவியில் இதே போன்ற விளக்குதான் இருக்கும். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பழைய கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் ஊதாப் புள்ளியாகத் தெரியும். தன் கைப்பேசியை எடுத்து வைத்துப் பார்த்தாள். வெறும் சுவரைக் காட்டினால் விளக்கு அணைந்திருந்தது. ஃப்ரேமில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் காட்டியதும் எரிந்தது. சீட்டை எடுத்தால் அணைந்தது. பத்து முறை செய்தாள். பத்து முறையும் அப்படியே. அதை அப்படியே வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அறக்கட்டளைக்குத் தொலைபேசி செய்தாள். பார்வை தெளிவாக விழுவதற்காக என்றார்கள். பார்வையே குறையாதவர்களுக்குத் தரும் கண்ணாடிக்கு என்ன தெளிவு? அன்று முதல் இரண்டு வாரம் அவளும் அதைப் போட்டுக்கொண்டாள், என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று. ஒவ்வொரு விலையையும் திருடனைப் பார்ப்பதுபோல நின்று பார்த்தாள்.

அந்த இரண்டு வாரத்தின் முடிவில்தான் மஞ்சரி மதியம் கூப்பிட்டாள். "அக்கா, யாழிக்கு இன்ஹேலர் தீரப்போகுது. எனக்கு ரெட்டை ஷிப்டு. நீ ஒண்ணு வாங்கி வச்சிரு."

மஞ்சரியின் மகள் யாழிசைக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே இளைப்பு. அப்பா லாரியில் வடக்கே போனால் மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். மருந்து மஞ்சரி பொறுப்பு.

கோகிலவாணி ஜெயதரன் குழுமத்தின் மருந்துக்கடைக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் வேறு மருந்துக்கடை மிச்சமில்லை. அட்டைகளில் விலை அச்சிடும் வழக்கம் ஒழிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கைப்பேசி எண்ணைச் சொன்னால் கல்லாவில் இருக்கும் சிறு திரையில் விலை வரும். முந்நூற்றுப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்தாள்.

மறுநாள் மஞ்சரி ஐந்நூற்று அறுபது ரூபாயை எண்ணி நீட்டினாள்.

"எதுக்கு இவ்வளவு?"

"இன்ஹேலருக்குத்தான். போன தடவையும் அவ்வளவுதானே?"

"எனக்கு முந்நூத்திப் பத்துதான் போட்டாங்க."

 மஞ்சரி தன் பழைய ரசீதுகளைக் கைப்பேசியில் திறந்தாள். கண்ணாடி வருவதற்கு முன் இருநூற்றுத் தொண்ணூறு. வந்த மாதம் முந்நூற்று நாற்பது. பிறகு நானூற்று இருபது, ஐந்நூறு, ஐந்நூற்று அறுபது.

"எல்லாத்துக்கும் விலை ஏறுது, இதுக்கும் ஏறுதுன்னு இருந்துட்டேங்க்கா" என்றாள் மஞ்சரி. பழக்கத்தில் மனம் கணக்குப் போட்டது. "இது என் கையைக் கடிக்கற மாதிரி அந்த ஆளு கையைக் கடிக்கோணும்னா ஆயிரத்தி நூத்தி இருபது கோடி வேணும்."

அடுத்த வாரம் உடைந்த கண்ணாடிகளை எடுத்துப்போக அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆள் வந்தான். ஜெபராஜ் என்று பெயர், நாகர்கோவில் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். அவனைப் பரிசோதனை அறைக்குள் உட்காரவைத்துக் கோகிலவாணி நேராகக் கேட்டாள்.

"இந்த ரெண்டு புள்ளி எதைப் பாக்குதுங்க?"

அவன் கண்ணாடியை மடக்கி மேசையில் வைத்தான். "கண்ணைத்தான், மேடம்."

"அது எனக்குத் தெரியும். என்னத்துக்கு?"

"ஒரு விலையைப் பாத்ததும் மனசுல சின்னதா ஒரு இழுப்பு வரும் இல்லையா? வாங்கலாமா, வேண்டாமான்னு. கண்ணு விலையில நிக்கும், பொருளுக்குப் போகும், திரும்ப விலைக்கு வரும். பாப்பா விரியும். அதை எண்ணுது. தயக்கம்னு சொல்லுவோம்."

"எண்ணி?"

"தயங்குறவங்களுக்கு விலை இறங்கும். தயங்காதவங்களுக்கு ஏறும். போன் நம்பரை வச்சு கடைக்குப் போயிரும்."

"என் தங்கச்சி ஒண்ணும் பணக்காரி இல்லீங்க. அவ சொத்து நாலு லட்சம்னு உங்க கண்ணாடிக்கே தெரியும்."

"சொத்தை வச்சு விலை போடறதில்ல. அப்படிப் போட்டா எங்க முதலாளிக்கு ஒரு டீயே முப்பது கோடிக்குல்லா விக்கணும்?" அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "பிள்ளைக்கு மருந்துன்னா உங்க தங்கச்சி யோசிக்கதில்ல. அந்த யோசிக்காததுக்குத்தான் மேடம் அந்த விலை."

"உங்க முதலாளின்னா யாரு?"

"ஜெயதரன் சார்தான். அறக்கட்டளை நடக்கதே அவரு பணத்துல."

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவரைத் திட்ட வைக்கற கண்ணாடிக்கு அவரே காசு குடுக்கறாரா?"

"திட்டினா அவருக்கு என்ன குறையுது? கண்ணாடி இல்லைன்னா ஒரு ஆளு ஒரு நாளைக்கு இருபது விலையைப் பாப்பாரு. இதைப் போட்டா கோபத்துல இருநூறு விலையைப் பாக்காரு. வாங்காத பொருளோட விலையைக்கூடத் தேடித் தேடிப் பாக்காரு. ஜனங்க தானா முன்வந்து கண்ணைக் காட்டணும்னா இதை விட்டா வேற என்ன இருக்கு?" அவன் குரலைத் தாழ்த்தினான். "கடையோட முடிஞ்சா பரவாயில்ல. ஒரு ஊர்ல ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குற கூட்டம். மேசையில பதினோரு பேரு. அதுல ஏழு பேரு இதைப் போட்டிருந்தாங்க. நாப்பது கோடியெல்லாம் அவருக்குச் சில்லறைன்னு பாத்துப் பாத்துச் சிரிக்காங்க. எந்த விலைக்கு யாரு முகம் சுளிக்கலைங்கிறது மறுநாளே கம்பெனிக்குத் தெரியும்."

"இதையெல்லாம் என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?"

"நாலு ஊர்ல நாப்பது கடைக்குப் போயிட்டேன். கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

அந்தப் பதில் அவளுக்கு முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மையாகத்தான் பட்டது. அன்று மாலையே மஞ்சரியின் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். பயனில்லை. அடுத்த முறையும் ஐந்நூற்று அறுபதுதான் வந்தது. கைப்பேசி எண்ணில் பதிந்தது பதிந்ததுதான். கல்லாத் திரைக்கு மேலேயும் ஒரு கேமரா இருந்ததை அப்போதுதான் கோகிலவாணி கவனித்தாள்.

"எப்பவும் நானே போய் வாங்கினா என் நம்பருக்கும் ஏத்திருவாங்க. நீ தயங்கிப் பழகோணும் மஞ்சரி. விலையைப் பாரு, மருந்தைப் பாரு, மறுபடி விலையைப் பாரு. அப்புறம் வேண்டாம்னு சொல்லிட்டு வெளிய வந்துரு. அரை மணி நேரங்கழிச்சுப் போ. என்கிட்ட ஒரு இன்ஹேலர் இருக்குது, பயப்படாத."

மஞ்சரி போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். அறுநூற்றுப் பத்தாக ஏறியிருந்தது.

"வேண்டாம்னு வாய்தான் சொல்லுதுக்கா. கண்ணு அந்த டப்பாவுலயே இருக்குது. புள்ளைக்கு மருந்துங்கறப்ப நான் என்னன்னு யோசிக்கறது?"

"புள்ளைய நினைக்காத. வேற எதையாச்சும் நினை."

அதைச் சொன்ன வாயைப் பின்னாளில் கோகிலவாணி எத்தனையோ முறை சபித்துக்கொண்டாள். ஆனால் அப்போது இருவருக்கும் அது ஒரு போட்டி போலிருந்தது. மஞ்சரி விடாமல் பழகினாள். கம்பெனியில் வரவேண்டிய போனஸை நினைத்தாள், கிடைக்காத லீவை நினைத்தாள். ஒரு மாதத்தில் ஐந்நூறு ஆயிற்று. அடுத்த மாதம் நானூற்று முப்பது. பிறகு முந்நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு முறையும் ரசீதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். விலை குறையக் குறைய அவளிடம் ஒரு நிதானம் வந்தது. யாழிசை இருமினால் முன்பெல்லாம் துள்ளி எழுபவள், இப்போது ஒரு நொடி நின்று பிறகு எழுந்தாள். கோகிலவாணி அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

பஞ்சுத் தூசி காற்றில் பறந்து இளைப்பைக் கூட்டும் மாதம். பகல் பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து மஞ்சரிக்குப் போன் வந்தது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, பையில் இருந்த இன்ஹேலர் காலி, வரும்போது மருந்தோடு வாருங்கள் என்றார்கள். மருந்துக்கடை போகிற வழியில்தான் இருந்தது. மஞ்சரி உள்ளே போனாள். முந்நூற்றுத் தொண்ணூறு என்று திரையில் வந்தது. அவள் விலையைப் பார்த்தாள், மருந்தைப் பார்த்தாள், மறுபடி விலையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பள்ளியிலிருந்து இரண்டாவது போன் வந்தபோதுதான் விழித்தாள். பிள்ளையை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.

யாழிசை பிழைத்துக்கொண்டாள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு மூன்று நாள் கிடந்தாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மஞ்சரி அக்காவின் தோளில் சாயவில்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"நான் காசுக்காக நிக்கலைக்கா. காசு கையில இருந்துச்சு. நின்னு பழகிட்டேன், அதனால நின்னுட்டேன்."

"தப்பு என்னோடது."

"ஆமா" என்றாள் மஞ்சரி. பிறகு, "என்னோடதுந்தான்."

டாக்டர் எழுதிய மருந்துகளை வாங்க அன்று அவள் ஓடிய ஓட்டத்தில் எந்தத் தயக்கமும் இல்லை. அடுத்த இன்ஹேலர் எழுநூற்று இருபதுக்கு வந்தது.

கோகிலவாணி விலை விசாரணை ஆணையத்தில் மனுப் போட்டாள். ஊதாப் புள்ளி எரிந்து அணையும் வீடியோவைக் கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரே மருந்துக்கு நாற்பத்துமூன்று பேருடைய ரசீதுகளைச் சேர்த்தாள். இருநூற்று அறுபதிலிருந்து எண்ணூற்று முப்பது வரை இருந்தது. எல்லாருக்கும் ஒரே விலை வேண்டும், அதை அட்டையில் அச்சிட வேண்டும் என்பது அவள் கோரிக்கை. ஜெபராஜிடம் சாட்சி சொல்ல வரச் சொன்னாள். வருகிறேன் என்றான்.

விசாரணை நாளில் அவளைக் குழப்பியது, யாரும் எதிர்க்காததுதான். குழுமத்தின் வழக்கறிஞர் எழுந்து, மனுதாரர் சொல்வதெல்லாம் சரி என்றார். கண்ணை அளந்ததைச் சொல்லாமல் விட்டது பிழை, அபராதம் கட்டத் தயார். ஒரே விலைக்கும் தயார்.

"ஆனால் எந்த விலை என்ற கேள்வி இருக்கிறது. மக்களின் சக்திக்கு உட்பட்ட விலை எது என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. எங்களிடம் பதினெட்டு லட்சம் பேருடைய பதிவுகள் இருக்கின்றன. இந்த மருந்துக்கு ஐந்நூற்று நாற்பது ரூபாய் என்றபோது நூற்றுக்கு எழுபது பேர் தயங்கவே இல்லை. அந்த எழுபதில் பெரும்பாலோர் தாய்மார்கள்."

அந்தப் பதிவுகளின் கட்டை வழக்கறிஞரின் கையில் எடுத்துக் கொடுத்தவன் ஜெபராஜ்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் அவனை மறித்தாள். "என்னைத் தேடித்தான் கடை கடையா வந்தீங்களா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யாராவது கேட்டு ஒரே விலைக்கு ஆர்டர் வாங்கணும்னு மேல இருந்து சொன்னாங்க. அவங்களே போய்க் கேட்க முடியாதுல்லா? நான் உங்ககிட்ட சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே, மேடம்."

ஐந்நூறு கோடி ரூபாய் அபராதம், எல்லாருக்கும் ஒரே விலை என்று தீர்ப்பு வந்தது. வரலாறு காணாத தொகை என்று செய்திகள் கொட்டை எழுத்தில் ஓடின. கடையின் முன்னால் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். மஞ்சரி கண்ணாடி இல்லாமலே கணக்குப் போட்டாள்.

"என் கணக்குக்கு இருநூத்தி அம்பது ரூபா. ஹெல்மெட் போடாமப் போனாலே நமக்கு ஆயிரம்."

அடுத்த மாதம் அக்காவும் தங்கையும் சேர்ந்து மருந்துக்கடைக்குப் போனார்கள். கல்லாத் திரையும் கேமராவும் போயிருந்தன. புது அட்டையில் கருப்பு எழுத்தில் 540 என்று அச்சிட்டிருந்தது. மஞ்சரி பணத்தை நீட்டிவிட்டு அக்காவின் கையை அழுத்தினாள்.

"போன மாசம் எழுநூத்தி இருபது குடுத்தேன். நூத்தியெம்பது ரூபா மிச்சம். உன்னாலதான்க்கா."

கோகிலவாணி பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அதே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டார். "ஏனுங் அம்மணி, போன தடவை இருநூத்தி அறுவதுதானுங்களே?"

"இப்ப எல்லாருக்கும் ஒரே விலைங்க ஐயா. ஆர்டர் வந்திருக்குதுங்க."

அவர் அட்டையை மெதுவாகக் கல்லாமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நடையில் மூச்சு வாங்கியது. கோகிலவாணி தங்கையின் கையை விட்டுவிட்டு அவர் பின்னால் போனாள். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மருந்து யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க. முப்பது வருசம் பஞ்சு மில்லுல இருந்தனுங்க."

"அந்த விலை ஏறுனதுக்கு நான்தானுங்க காரணம்" என்றாள். சொல்லிவிட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மனு, ரசீதுகள், தீர்ப்பு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளை நன்றாகப் பார்த்தார், கடைக்குள் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப நீங்களேதான் குறைக்கோணுமுங்க."

"குறையுமான்னு தெரியலைங்க. மறுபடி மனுப் போடலாம். இந்தத் தடவை வாங்க முடியாமத் திரும்பிப் போனவங்க பேரையெல்லாம் எழுதோணும்னு இருக்கறேன். அவங்க பதிவு எதுலயும் இல்லீங்க."

"பேரைக் குடுத்தா எனக்கு ஏதாச்சும் வில்லங்கம் வருமுங்களா?"

"வரலாமுங்க" என்றாள் கோகிலவாணி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினார். மஞ்சரி கடைப் படியிறங்கி, மருந்தை மார்போடு பிடித்தபடி இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கோகிலவாணி கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

"ராக்கியப்பன்" என்றார் அவர். "நடுவுல ஒரு க் வருமுங்க. விட்டுராதீங்க."